சேர்வராயன் மலையில் அவசர உதவிச் செயலிகள் எங்கே தடுமாறுகின்றன?

தை, மாசி மாதங்களில் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மிளகுப் பறிப்பு நடக்கும். சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறிய கொடிகளில், கைக்கு எட்டாத உயரத்தில் காய்த்திருக்கும் மிளகைப் பறிக்க மூங்கில் ஏணியைச் சாத்தி ஆட்கள் ஏறுவார்கள். அப்படி ஏறிய ஒருவர் இருபதடி உயரத்திலிருந்து தவறி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நின்றவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறார். அதிலிருந்து ஆம்புலன்ஸ் தோட்டத்து வாசலில் வந்து நிற்பது வரைக்கும் நடக்க வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தால், அவசர உதவிக்கென்று வெளியிடப்பட்ட கைப்பேசிச் செயலிகள் அறிமுக விழா மேடையில் இயங்குவதைப் போல மலையில் ஏன் இயங்குவதில்லை என்பது புரியும். செயலியின் சிவப்புப் பொத்தானில் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை. அதை அழுத்துவதற்கு முன்பும் அழுத்திய பின்பும் இருக்க வேண்டியவை இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

எண்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. காவல்துறைக்கு 100, தீயணைப்புக்கு 101, தாய்சேய் ஊர்திக்கு 102, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, தேசிய நெடுஞ்சாலை விபத்துகளுக்கு 1033, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுள் 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 மட்டும் எண் என்ற நிலையைக் கடந்து ஒரு பெயராகவே ஆகிவிட்டது; சேலத்தில் யாரும் "ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்பதில்லை, "108க்குப் போடு" என்றுதான் சொல்கிறார்கள். இத்தனை எண்களையும் ஒரே எண்ணுக்குள் கொண்டுவரும் நோக்கத்துடன் 112 அறிமுகமாயிற்று. தமிழ்நாடு உட்பட 16 மாநிலங்கள் மற்றும் ஒன்றியப் பகுதிகளில் அது 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. '112 இந்தியா' என்ற செயலியும் அதனுடன் இணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டே தமிழ்நாடு காவல்துறை 'காவலன் எஸ்ஓஎஸ்' செயலியை வெளியிட்டிருந்தது. 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்ட செய்தி நாட்டை உலுக்கிய வாரங்களில் ஏராளமானோர் அதைத் தங்கள் கைப்பேசிகளில் ஏற்றிக்கொண்டார்கள். பின்னர் 2022இல் 'காவல் உதவி' வந்தது. எண்களின் பெருக்கத்தைக் குறைக்கப் புறப்பட்ட முயற்சி செயலிகளின் பெருக்கத்தில் போய் நிற்பது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இனி மிளகுத் தோட்டத்துக்குத் திரும்புவோம். கைப்பேசியை எடுத்தவரிடம் செயலி ஏற்கெனவே இருந்தாக வேண்டும். ஒருவர் அடிபட்டுக் கிடக்கும் நேரத்தில் பதிவிறக்கம் செய்து, பெயரும் எண்ணும் கொடுத்து, ஓடிபி வரும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். முன்பே ஏற்றி வைத்திருந்தாலும் அது வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அவசரச் செயலி என்பது, அதன் இயல்பின்படியே, மாதக்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கும் செயலி. 2020இல் வெளியான ஆண்ட்ராய்டு 11 முதல், நீண்ட நாள் பயன்படுத்தாத செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளைக் கைப்பேசியே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது; அடுத்தடுத்த பதிப்புகள் அத்தகைய செயலிகளை உறக்க நிலைக்கே அனுப்பிவிடுகின்றன. நம் இருப்பிடத்தைத் தேவையின்றி வேவு பார்க்கும் செயலிகளிடமிருந்து நம்மைக் காக்கச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் இரண்டு ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த அவசரச் செயலிக்கும் வேவு பார்க்கும் விளையாட்டுச் செயலிக்கும் கைப்பேசிக்கு வேறுபாடு தெரியாது. வேண்டிய நாளில் திறக்கும்போது "இருப்பிடத்தை அறிய அனுமதிக்கவா?" என்று அது முதலிலிருந்து கேட்கத் தொடங்கும். மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில நிறுவனங்களின் கைப்பேசிகள் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுவதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்ட வேலைக்கு வரும் பலருடைய கையில் இருப்பது பொத்தான் கைப்பேசி என்பதால் அவர்களுக்குச் செயலி என்ற பேச்சே எழுவதில்லை. அவர்களை மனத்தில் கொண்டுதான் 2016 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: 2017 ஜனவரி 1 முதல் விற்கப்படும் எல்லாக் கைப்பேசிகளிலும் ஆபத்துப் பொத்தான் இருக்க வேண்டும், சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால், ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை அடுத்தடுத்து அழுத்தினால், அவசர அழைப்பு போக வேண்டும். செயலியை விட இது எளிய, நேர்மையான யோசனை என்பது என் கருத்து. ஆனாலும் தம் கைப்பேசியில் இப்படி ஒரு வசதி இருக்கக்கூடும் என்று அறிந்தவர்களைச் சேலம் நகரத்து அஸ்தம்பட்டியிலோ அம்மாப்பேட்டையிலோ தேடினால் கூடச் சிலரைத்தான் காண முடியும். மலைக்கிராமங்களான நாகலூரிலோ செம்மநத்தத்திலோ என்ன நிலை என்று சொல்ல வேண்டியதில்லை.

செயலி இருக்கிறது, அனுமதிகளும் இருக்கின்றன என்றே கொள்வோம். அடுத்து வேண்டியது சிக்னல். செயலிக்கும் சாதாரண அழைப்புக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பலரும் கவனிக்காத வேறுபாடும் இதுவே. தன் நிறுவனத்தின் டவர் எட்டாத இடத்தில் கைப்பேசித் திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று தோன்றுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில் வேறு நிறுவனத்தின் அலை கிடைக்கிறது, தேவைப்பட்டால் அதன் வழியாக அவசர எண்ணை அழைக்கலாம் என்பது அதன் பொருள். 112ஐ அழைத்தால் அது எந்த நிறுவனத்தின் டவர் வழியாகவும் போகலாம். கைப்பேசித் தொழில்நுட்பத்தின் உலகப் பொதுத் தரத்திலேயே 112 அவசர எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. 108க்கு அந்த உறுதி இல்லை. அதை அவசர எண்ணாகக் கைப்பேசி அறிந்துகொள்ளுமா என்பது சிம் அட்டையிலும் கைப்பேசியிலும் என்ன பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. செயலியின் நிலை இதைவிட மோசம். அதற்கு இணையம் வேண்டும். தன் நிறுவனத்தின் இணையமே வேண்டும். அடுத்த நிறுவனத்தின் டவர் கண்ணெதிரே நின்றாலும் செயலிக்கு அதனால் பயனில்லை.

சேர்வராயன் மலையின் அமைப்பு இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஊருக்குள், ஏரியைச் சுற்றி, சிக்னலுக்குக் குறைவில்லை. ஊரைவிட்டு விலகி மடிப்பு மடிப்பாக இறங்கும் சரிவுகளில் ஒரு முகடு மறைத்தால் போதும், டவர் இல்லாமல் போய்விடும். மே மாதத்துக் கோடை விழா நாட்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் எழுகிறது: சிக்னல் முழுதாகக் காட்டும், கூட்டம் தாங்காமல் இணையம் நகராது. அவசர அழைப்புக்கு நெட்வொர்க்கில் முன்னுரிமை உண்டு. செயலி அனுப்பும் தரவு அப்படிப்பட்டதில்லை. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று யாரோ ஒருவர் ஏற்றிக்கொண்டிருக்கும் வீடியோவும் ஒரு பெண் அழுத்திய ஆபத்துக் குறியும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இணையம் இல்லாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று தோன்றும். சில செயலிகளில் அதற்கு ஏற்பாடும் உண்டு. ஆனால் குறுஞ்செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரும் என்று நெட்வொர்க் உறுதி தருவதில்லை. கிடைத்தபோது வாங்கி, முடிந்தபோது கொடுக்கும் அஞ்சல் முறை அது. இன்னொரு சிறு சங்கதி: ஆங்கில எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தியில் தமிழ் எழுதினால் 70 குறிகள்தான் கொள்ளும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால், விலாசத்தைத் தமிழில் எழுதத் தொடங்கும்போதே செய்தி இரண்டாக, மூன்றாக உடைந்துவிடும்.

இருப்பிடத்தைத் தானே கண்டு சொல்வதுதான் செயலியின் தலையாய பெருமை. கைப்பேசி தன் இடத்தை மூன்று வழிகளில் அறிகிறது: செயற்கைக்கோள், சுற்றியுள்ள வைஃபை, டவர். நகரத்தில் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். தோட்டத்தில் வைஃபை இல்லை. டவரை வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் வட்டம் கிராமப்புறங்களில் சில கிலோமீட்டர் அகலமுடையது. மலை விளிம்பில் நிற்பவருடைய கைப்பேசி கீழே சமவெளியில் உள்ள ஒரு டவரைப் பிடித்துக்கொண்டால் வட்டம் மலையைவிட்டே இறங்கிப் போய்விடும். எஞ்சுவது செயற்கைக்கோள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், 30 நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இணையம் இருக்கும்போது இந்த விவரத்தைக் கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்கிக்கொள்வதால்தான் வரைபடத்தைத் திறந்த உடனே நீலப் புள்ளி வந்து உட்காருகிறது. இணையம் இல்லையென்றால் வானத்திலிருந்து வரும் அந்த மெலிந்த குரலைத் தடைபடாமல் அரை நிமிடம் கேட்டாக வேண்டும், அதுவும் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து. மேலே மரக்கூட்டம், ஒரு பக்கம் பாறைச் சரிவு. அலை பாறையில் மோதித் திரும்பி வந்தால் இடம் பல மீட்டர் தள்ளிக் காட்டும். இருப்பிடம் தெரிவதற்குள் அனுப்பு என்று அழுத்தினால், சில செயலிகள் கடைசியாகத் தெரிந்த இடத்தையே அனுப்பிவைக்கும். அந்தக் கடைசி இடம் காலையில் தேநீர் குடித்த அடிவாரமாக இருக்கலாம்.

துல்லியம் குறித்து இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைப்பாதையில் துல்லியம் என்ற சொல்லுக்கே வேறு பொருள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் சாலை தன் மேலேயே மடிந்து மடிந்து போகிறது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே படத்தில் சிறு இடைவெளிதான், சாலையில் ஓடினால் தூரம் அதிகம். சமவெளியில் 50 மீட்டர் பிழை என்பது சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற அளவுக்குத்தான் வரும். வளைவுகளுக்கு நடுவில் அதே 50 மீட்டர், வண்டி எந்த அடுக்கில் கவிழ்ந்தது என்பதையே மாற்றிவிடும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுபோன்ற விபத்துகளில் உள்ளூர்க்காரர்கள் "இத்தனையாவது வளைவு" என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஏழு இலக்கத்தில் சொல்வதைவிட அந்த ஒரு எண் ஓட்டுநருக்கு அதிகம் உதவும்.

அருகில் இருக்கும் வண்டியைக் கணினி தேர்ந்தெடுக்கும் முறையும் இங்கே கவனத்துக்குரியது. நேர்கோட்டுத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால், மலையின் மேற்சரிவில் நடந்த விபத்துக்கு அடிவாரத்து வண்டி "அருகில்" இருப்பதாகக் கணக்கு வரும். அது எல்லா வளைவுகளையும் ஏறி வர வேண்டும் என்பது நேர்கோட்டுக்குத் தெரியாது. குப்பனூர் வழியாக ஏறும் இன்னொரு பாதையும் இருப்பதால், மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு பாதை அடைபட்டால் எந்தப் பக்கத்து வண்டியை அனுப்புவது என்பது அன்றைய நிலவரம் அறிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. உயரத்தைக் கணக்கில் கொள்ளாத குறை மலைக்கு மட்டும் உரியதும் அன்று. சேலம் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகு, கீழே சாலை, அதற்கு மேல் ஒரு பாலம், அதற்கும் மேல் ஒரு பாலம் என மூன்று தளங்கள் ஒரே புள்ளியில் நிற்கின்றன. வரைபடத்தில் விழும் சிவப்புக் குறி எந்தத் தளத்தைச் சொல்கிறது? அமெரிக்காவில் இதற்காகவே 2019இல், அவசர அழைப்பாளரின் உயரத்தை மூன்று மீட்டர் பிழைக்குள் கண்டறிய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையம் விதி வகுத்தது.

இவ்வளவையும் படிப்பவர், செயலியே வேண்டாம் என்கிறேனோ என்று நினைக்கலாம். பேச முடியாதவர்களுக்குச் செயலியைப் போல உதவக்கூடியது வேறில்லை. காது கேளாத, வாய் பேச இயலாத ஒருவருக்கு 112இல் ஒலிக்கும் குரலால் என்ன பயன்? பிரிட்டனில் 2022 ஜூன் முதல், சைகை மொழிபெயர்ப்பாளரைக் காணொளி அழைப்பில் இணைத்து அந்நாட்டு அவசர எண்ணான 999ஐத் தொடர்புகொள்ளும் வசதி செயலி வழியாகத் தரப்படுகிறது. பின்தொடர்ந்து வருபவனுக்குத் தெரியாமல் உதவி கேட்க வேண்டிய பெண்ணுக்கும், வீட்டுக்குள் அடிக்கப்படும் மனைவிக்கும், வாய் திறக்காமல் ஒரு பொத்தானை அழுத்த முடிவதே பெரிய காரியம். '112 இந்தியா' செயலியில் பெண்களுக்கென உள்ள 'ஷவுட்' என்ற வசதி, கட்டுப்பாட்டு மையத்துடன் அருகில் பதிவு செய்துள்ள தன்னார்வலர்களுக்கும் செய்தி அனுப்புகிறது. மலைக்கு இந்த யோசனை பொருந்தும், ஏனென்றால் அங்கே எப்போதும் முதலில் வந்து சேர்வது பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்தான். வண்டி போகாத தடங்களில் கம்பளியில் தூளி கட்டி அடிபட்டவரைச் சாலை வரை சுமந்து வருபவர்களும் அவர்களே. ஆனால் தன் இருப்பிடம் முன்பின் அறியாத ஒருவருக்குப் போகிறது என்ற எண்ணமே சிலரைச் செயலியிலிருந்து விலக்கும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2023இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதால் மட்டும் அது தீர்ந்துவிடாது.

பெரும்பாலானோருக்கு வேண்டியது வேறொன்று: எந்தச் செயலியும் இல்லாமல், சாதாரணமாக அழைக்கும் அழைப்பிலேயே இருப்பிடமும் கூடவே போக வேண்டும். இதற்கு வழி கண்டறியப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 2014இல் பிரிட்டனில் உருவான ஏஎம்எல் என்ற முறையில், அவசர எண்ணை அழைத்த அந்தக் கணமே கைப்பேசி தானாக ஜிபிஎஸ்ஸை இயக்கி, கிடைத்த இடத்தை அழைப்பவர் அறியாமலேயே குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும். பதிவிறக்கம் இல்லை, பதிவு இல்லை, அனுமதிக் கேள்வி இல்லை. கூகுள் இதையொத்த வசதியை 2016இல் ஆண்ட்ராய்டிலும், ஆப்பிள் 2018இல் ஐபோனிலும் சேர்த்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச்சுக்குப் பிறகு விற்கப்படும் ஸ்மார்ட்போன்கள் செயற்கைக்கோள் வழி அறிந்த இடத்தை அவசர அழைப்புடன் அனுப்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஆக, நம் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் இந்தத் திறன் பல ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருக்கிறது; அதை எழுப்பிக் கேட்கும் காது கட்டுப்பாட்டு மையத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் அந்தக் காதை முதலில் பொருத்திய மாநிலம் உத்தரப் பிரதேசம். அதுவும் 2025 டிசம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. புதிய செயலிகளுக்குச் செலவிடும் பணத்தையும் விளம்பரத்தையும் இந்த வேலைக்குத் திருப்பினால் மலைக்கு அதிகப் பயன் கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஏஎம்எல்லுக்கும் ஓர் எல்லை உண்டு, அது சரியாக மலையில் வந்துதான் இடிக்கும். "அவசர அழைப்புகள் மட்டும்" என்று காட்டும் இடத்தில் அடுத்த நிறுவனத்தின் டவர் குரலை மட்டும் ஏற்றுக்கொள்கிறது, குறுஞ்செய்தியை ஏற்பதில்லை. அந்த இடத்தில் நிற்பவர் தான் இருக்கும் இடத்தை வாயால்தான் சொல்லியாக வேண்டும். அங்கே ஊர்ப்பெயர் சிக்கல் தொடங்குகிறது. 108 அழைப்புகளை ஏற்கும் மையம் சென்னையில் இருக்கிறது. "எந்த மாவட்டம், எந்த வட்டம், பக்கத்தில் தெரிந்த இடம் என்ன?" என்ற கேள்விகள் ஒழுங்கானவை, தேவையானவை. பதில்தான் அந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. ஏற்காடு வட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள் இருக்கின்றன. "மலையில் வாழவந்தி" என்று ஒருவர் பதற்றத்தில் சொல்கிறார். வாழவந்தி ஏற்காட்டிலும் இருக்கிறது. கொல்லிமலையில் வாழவந்தி நாடும் இருக்கிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை இரண்டும் ஒரே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. வயதானவர்கள் இன்னும் அந்த நினைப்பில் பேசுவதும் உண்டு. சமவெளிக்கு இறங்கினால் காடு, வளவு, கொட்டாய் என்று முடியும் குடியிருப்புகள்: யாரோ ஒரு கவுண்டரின் பெயரோ ஒரு மரத்தின் பெயரோ முன்னே வரும், வரைபடத்தில் அவற்றில் பாதி இருக்காது. தோட்டங்களுக்கோ இரண்டு பெயர்: பழைய வெள்ளைக்கார முதலாளி வைத்த பெயர் பலகையில் இருக்கும், ஆட்கள் சொல்லும் பெயர் வேறாக இருக்கும். ஒன்றை வரைபடத்தில் ஏற்றியவர் மற்றொன்றை ஏற்றியிருக்க மாட்டார்.

விலாசத்துக்குப் பதிலாகச் சொற்களையோ குறிகளையோ வைக்கும் முயற்சிகள் இந்தச் சிக்கலுக்கு விடையாகக் கொண்டுவரப்படுகின்றன. 2013இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'வாட்த்ரீவேர்ட்ஸ்' உலகத்தை மூன்று மீட்டர்ச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைப் பெயராக வைத்தது. கேட்க அழகாக இருக்கும். 2021இல் இங்கிலாந்து, வேல்ஸ் மலைமீட்புக் குழுக்களின் அமைப்பு, முந்தைய ஓராண்டில் தங்களுக்குத் தவறாக வந்து சேர்ந்த 45 இடங்களின் பட்டியலை வெளியிட்டது. எழுத்துப் பிழையும் உச்சரிப்பு வேறுபாடும்தான் காரணம். லகர, ளகர, ழகரங்களையும் ரகர, றகரங்களையும் நாம் தொலைபேசியில் எப்படி உச்சரிக்கிறோம் என்பதை நினைத்தால், தமிழ்ச் சொற்களில் இப்படி ஒன்றைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே சிரிப்பு வருகிறது. இந்திய அஞ்சல்துறை 2025 மே மாதத்தில் வெளியிட்ட 'டிஜிபின்' சற்றுப் பொருத்தமானது: நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண்கள் கொண்ட குறியைக் கொடுக்கிறது, கணக்கின் வழியே பெறப்படுவதால் இணையம் இல்லாமலும் அறியலாம். பதற்றத்தில் பத்துக் குறிகளைப் பிழையின்றிச் சொல்ல யாராலும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தோட்டத்து வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் வளைவுப் பலகையிலும் முன்பே எழுதி வைக்கலாமே. படித்துச் சொல்ல ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும்.

பொய்யழைப்புகளைப் பற்றிப் பேசாமல் கட்டுப்பாட்டு மையத்தின் தரப்பைப் புரிந்துகொள்ள முடியாது. பொத்தான் எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அது தவறாகவும் அழுத்தப்படும். 2023 ஜூனில் பிரிட்டன் காவல்துறையினர், ஆண்ட்ராய்டில் பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதியால் 999க்குப் பேச்சில்லாத அழைப்புகள் பெருகிவிட்டன என்று முறையிட்டார்கள். சட்டைப் பையில் உரசியும், குழந்தை விளையாடியும், வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தும் வரும் குறிகளுக்கு நடுவே உண்மையானதைப் பிரிக்க மையத்தின் ஊழியருக்குத் திருப்பி அழைப்பதைவிட எளிய வழி இல்லை. செயலியில் குறி வந்தால் அந்த எண்ணுக்கு அவர் அழைப்பார். வாய் திறக்க முடியாத நிலையில் பொத்தானை அழுத்திய பெண்ணின் கையில் கைப்பேசி சத்தமாக மணியடித்தால் என்ன ஆகும் என்பதைச் செயலியை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

எல்லைத் தகராறு இன்னொரு பக்கம். பெங்களூரிலிருந்து சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், விபத்துக்குப் பெயர் போன தொப்பூர் கணவாய் தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. சில கிலோமீட்டர் தாண்டினால் சேலம் மாவட்டம். கைப்பேசிக்கு மாவட்ட எல்லை தெரியாது. எந்தப் பக்கத்து டவர் பிடித்ததோ அந்தப் பக்கத்து விபத்தாக அது முதலில் தோன்றும். வார இறுதியில் ஏற்காட்டுக்கு வரும் வண்டிகளில் கர்நாடகப் பதிவெண்ணுக்குக் குறைவிருக்காது. அவர்கள் கைப்பேசியில் ஏதேனும் அவசரச் செயலி இருந்தால் அது அவர்கள் மாநிலத்துடையதாக இருக்கும். தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் அது யாருக்குக் குறி அனுப்பும்? ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு செயலி முளைத்தபோது இதே சிக்கல் எழுந்தது. ஒரு நாட்டுச் செயலி இன்னொரு நாட்டு மையத்துடன் பேசுவதற்கான 'பெமியா' என்ற பொதுத் தரத்தை வகுத்துத்தான் அதற்கு வழி செய்யத் தொடங்கினார்கள். எல்லை தாண்டினாலும் மாறாத 112 என்ற எண் நம்மிடம் இருப்பது, இதை நோக்கும்போது, பெரிய வசதிதான். ஆனால் அந்த எண் இன்னும் 108 அளவுக்கு நாவில் ஏறவில்லை.

மிளகுத் தோட்டத்தில் இதற்குள் அழைப்பு போய்விட்டது, வண்டியும் புறப்பட்டுவிட்டது என்று கொள்வோம். இனி ஓட்டுநர் வழி கேட்டு, அழைத்தவரின் எண்ணுக்குப் பேசுவார். பிரதான சாலையிலிருந்து பிரியும் மண் பாதையின் முகப்பில் ஆள் நிறுத்தச் சொல்வார். ஒரு பையன் துண்டை வீசிக்கொண்டு சாலையோரம் நிற்பான். இரவானால் டார்ச் அடிப்பான். இந்த ஏற்பாடு எந்தச் செயலியிலும் இல்லை, ஆனால் பெரும்பாலும் இதனால்தான் வண்டி வந்து சேர்கிறது. அதற்கு அழைத்தவரின் கைப்பேசியில் சிக்னல் அறுபடாமல் இருந்தாக வேண்டும். அடிபட்டவர் கிடக்கும் சரிவில் சிக்னல் இல்லை. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே போனால்தான் இரண்டு கோடு காட்டும். ஆகவே விழுந்தவரின் தலையை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டிய, மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து மையத்திலிருந்து பேசுபவரிடம் சொல்ல வேண்டிய ஒரே ஆள், வண்டி வரும் வரை அந்தப் பாறையின் மேல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.